ஐ.சி.யூ.விலிருந்து வந்த பிள்ளைக்குக் கை கால் வலு இல்லையா? வீட்டில் செய்ய வேண்டியவை, வரிசைப்படி

செப்சிஸ் (கிருமித் தொற்றால் உடம்பு முழுக்கச் சீர்குலைவது), நிமோனியா, கடுமையான டெங்கு, ஸ்க்ரப் டைபஸ் (உண்ணிக் காய்ச்சல்) என்று ஏதோ ஒன்றில் ஐ.சி.யூ.வில் கிடந்து, வென்டிலேட்டரிலிருந்து மீண்டு வருகிற குழந்தைகளில் சிலருக்குக் கை கால் துவண்டு போயிருக்கும். காய்ச்சல் போய்விட்டது, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரி என்பார்கள். ஆனால் பிள்ளையால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாது, பாதம் தொங்கும், டம்ளர் கையிலிருந்து நழுவும். இது சோம்பலோ பயமோ கிடையாது. பெரும்பாலும், உடம்பு முழுக்கப் பரவிய அழற்சி நரம்பையும் தசையையும் தாக்கியிருக்கிறது.

சேலத்தில் குழந்தைகளுக்குப் பிசியோதெரபி பார்க்கிறேன். ஏற்காடு, வாழவந்தி, ஓமலூர், ஆத்தூர் எங்கிருந்து வந்தாலும் பெற்றோர் தடுக்கி விழுகிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான். வீட்டுக்கு வந்த முதல் வாரமே பிள்ளையை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நடக்க வைக்கப் பார்க்கிறார்கள். நடை கடைசியில் வர வேண்டியது. நரம்பு தன் வேகத்தில்தான் திரும்பும், அதை யாராலும் அவசரப்படுத்த முடியாது. அது திரும்பி வரும் நாளில் மூட்டு இறுகாமல், தோல் புண்ணாகாமல் இருக்க வேண்டும். நம் கையில் இருக்கிற வேலை அதுதான். கீழே உள்ள வரிசையும் அதற்காகத்தான்.

1. டிஸ்சார்ஜுக்கு முன்னால்: எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

வலு குறைவு என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று நான்கு விஷயங்கள் ஒளிந்திருக்கும். எது என்பதைப் பொறுத்துத்தான் அடுத்து எல்லாமே.

தசை மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் இடுப்பு, தோள் பக்கம் அதிகமாகத் தளர்ந்திருக்கும், தொடு உணர்வு நன்றாக இருக்கும். இந்தக் குழந்தைகள் பொதுவாகச் சீக்கிரம் தேறுகிறார்கள். நரம்புகள் பரவலாகப் பாதிக்கப்பட்டிருந்தால் பாதம், கை விரல் நுனி அதிகம் தளரும், மரத்துப் போகும், எரிச்சலும் இருக்கலாம். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். இரண்டும் சேர்ந்தும் வரும்.

மூன்றாவது, ஒரே ஒரு நரம்பு அமுங்கியது. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் தடவிப் பாருங்கள், ஒரு சின்ன எலும்பு முண்டு தட்டுப்படும். பாதத்தை மேலே தூக்குகிற நரம்பு அந்த முண்டைச் சுற்றித் தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. நினைவில்லாமல் பல நாள் கால் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தால் அது அமுங்கும். ஒரு கால் மட்டும் தொங்குகிறது, மற்றது நன்றாக இருக்கிறது என்றால் மருத்துவரிடம் இதைக் குறிப்பாகக் கேளுங்கள். இடுப்பில் போட்ட ஊசியாலும் ஒரு பக்கம் மட்டும் இப்படி ஆவதுண்டு.

நான்காவது, குய்லின் பாரே: உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்குவது. அது தனி நோய், சிகிச்சையும் தனி. பலவீனம் காலில் தொடங்கி மேலே ஏறும்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் கீழே சொல்பவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள், பிறகு மலையிலிருந்து இறங்கி வந்து கேட்பது பெரும்பாடு. வென்டிலேட்டரில் எத்தனை நாள். ஸ்டீராய்டு கொடுத்தார்களா, இப்போதும் தொடர்கிறதா. தசையை அசையாமல் வைக்கும் மருந்து கொடுத்தார்களா. நரம்புக் கடத்தல் பரிசோதனை (நரம்பு எப்படி வேலை செய்கிறது என்று மின்சாரம் வைத்துப் பார்ப்பது), சி.பி.கே. (தசைச் சேதத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) முடிவுகள், விழுங்கும் திறன் பார்த்தார்களா, வீட்டுக்கு வரும் நாளில் எடை எவ்வளவு.

இன்னொன்று. 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் திடீரென்று கை கால் துவண்டால் போலியோ கண்காணிப்புக்காக அறிவிக்க வேண்டும் என்பது விதி. குறைந்தது 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை மலம் எடுத்து அனுப்புவார்கள், பலவீனம் தொடங்கி 14 நாட்களுக்குள். 60 நாள் கழித்துச் சுகாதாரத் துறையினர் பிள்ளையைப் பார்க்க வரலாம். "போலியோவா?" என்று அலறிவிடாதீர்கள். சந்தேகம் இல்லாவிட்டாலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்கிற நடைமுறை அது. ஒத்துழையுங்கள்.

2. இவை தெரிந்தால் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு 108-ஐ அழையுங்கள்

ஏற்கெனவே தேறிக்கொண்டிருந்த பலவீனம் மறுபடி ஏறுவது. மூச்சு மேலோட்டமாக வாங்குவது, இருமல் சத்தமே வராத அளவு சன்னமாகிப் போவது. தண்ணீர் குடித்தால் புரையேறுவது. சிறுநீர் போகாமல் அடிவயிறு உப்புவது. முதுகு வலியோடு இரண்டு காலும் சேர்ந்து விழுவது. இவை உடற்பயிற்சி சமாச்சாரமே கிடையாது. விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், குறிப்பாக மலைமேல் இருப்பவர்கள்.

ஸ்டீராய்டு மாத்திரை தொடர்கிறது என்றால், தசை தளர்வுக்கு அதுவும் ஒரு காரணம் என்று எங்கோ கேள்விப்பட்டு நீங்களாக நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. மருத்துவர்தான் படிப்படியாகக் குறைப்பார்.

3. வீட்டில் முதலில் சேர்த்து வைக்க வேண்டியவை

பெரிய செலவு எதுவும் இல்லை. பழைய துண்டுகள் நான்கைந்து, சுருட்டி அணை கொடுக்க. கெட்டியான மெத்தை அல்லது இரண்டு ஜமுக்காளம் மடித்துப் போட்ட கட்டில். தொட்டில் துணி போலக் குழிகிற கயிற்றுக் கட்டில் வேண்டாம், அதில் இடுப்பும் முழங்காலும் மடங்கியே கிடக்கும். பிள்ளையின் பாதம் தரையில் முழுதாகப் பதிகிற உயரத்தில் ஒரு ஸ்டூல். நடுவில் துளை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி, கழிப்பறைக்கு. ஒரு நாற்பது பக்க நோட்டு.

பாதம் தொங்கினால் கணுக்கால் ஸ்ப்ளின்ட் வேண்டும், பாதத்தையும் கணுக்காலையும் தாங்கிப் பிடிக்கிற அச்சு அது. பாலிப்ராப்பிலீன் என்ற கெட்டி பிளாஸ்டிக்கில் அந்தப் பிள்ளையின் காலுக்கே அளவெடுத்துச் செய்தது. கடையில் மாட்டி வைத்திருக்கும் ரெடிமேடு வேண்டாம். குதிகால் சரியாக உட்காராத ஸ்ப்ளின்ட் பாதத்தைத் தூக்குவது போலக் காட்டும், உள்ளே குதிகால் மேலேறியே இருக்கும், தசைநார் சுருங்கிக்கொண்டே போகும். அளவெடுக்கப் போகும்போது குதிகால் தரையைத் தொடுகிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள்.

தையல் தடிப்பு இல்லாத பருத்தி சாக்ஸ் நான்கு ஜோடி. ஏற்காட்டில் மழைக்காலத்தில் ஒன்று துவைத்தால் இரண்டு நாள் ஆனாலும் காயாது, ஈர சாக்ஸோடு ஸ்ப்ளின்ட் போட்டால் தோல் உரியும். கீழே சேலத்தில் சித்திரை வெயிலுக்கு வியர்வையே அந்த வேலையைச் செய்துவிடும்.

4. மூட்டுக்கு முதல் இடம்

எல்லாவற்றிலும் நிறைய நேரம் இதற்குத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் பெற்றோருக்கு இது வேலை மாதிரியே தெரியாது. "சும்மா காலை மடக்கி நீட்டுறோம், எப்ப சார் எக்சர்சைஸ் ஆரம்பிப்பீங்க?" என்று கேட்பார்கள். நரம்பு முழுக்கத் திரும்பிய பிறகும், குதிகால் தசைநார் சுருங்கிப் போனதால் விரல் நுனியிலேயே நடக்கிற பிள்ளைகள் உண்டு. நரம்புப் பாதிப்பு போய்விட்டது. தவிர்த்திருக்கக்கூடிய சுருக்கம் மட்டும் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு மாவுக்கட்டு, சில சமயம் அறுவை சிகிச்சை.

குதிகால் நீட்சியை இப்படிச் செய்யுங்கள். பிள்ளை மல்லாந்து படுக்கட்டும், முழங்கால் நீட்டியிருக்கட்டும். உங்கள் ஒரு கை முழங்காலுக்கு மேல் லேசாக இருக்கட்டும். இன்னொரு கையின் உள்ளங்கைக்குள் குதிகாலை ஏந்திப் பிடியுங்கள். உங்கள் முன்னங்கை பிள்ளையின் உள்ளங்காலோடு ஒட்டியிருக்கும். முதலில் குதிகாலை உங்கள் பக்கம் கீழே இழுங்கள். அப்புறம்தான் முன்னங்கையால் பாதத்தை மெதுவாக மேலே சாய்க்க வேண்டும். இழுவிசை வந்ததும் அங்கேயே நிறுத்தி 30 வரை எண்ணுங்கள். ஐந்து முறை, காலையும் மாலையும். அடுத்து அதையே முழங்காலை மடக்கி வைத்துச் செய்யுங்கள். கெண்டைக்கால் தசை இரண்டு அடுக்கு. மேலடுக்கு முழங்காலைத் தாண்டிப் போகிறது, உள்ளடுக்கு போகவில்லை. முழங்கால் நீட்டியிருந்தால் மேலடுக்கு நீளும், மடக்கினால்தான் உள்ளடுக்கு நீளும்.

இங்கே எல்லாரும் செய்கிற தவறு, விரல்களைப் பிடித்து மேலே தள்ளுவது. பார்வைக்குப் பாதம் நன்றாக மேலே வரும். உண்மையில் நடுப்பாதம் வளைகிறது, குதிகால் அசையவே இல்லை. நாளாக ஆகப் பாதத்தின் வளைவு உடைந்து, அடிப்பாதம் நடுவில் கீழே புடைக்கும். குதிகால் உங்கள் உள்ளங்கைக்குள் இல்லையென்றால் அந்த நீட்சி கணக்கில் சேராது.

பிள்ளை வலியில் கத்துகிற அளவு போக வேண்டாம். துவண்ட தசைக்குத் தாங்கும் சக்தி இல்லை, கிழிந்தால் வெளியே தெரியாமல் வீங்கும். முகத்தைப் பாருங்கள், காலைப் பார்க்க வேண்டாம். புருவம் சுருங்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

கையில் மணிக்கட்டும் கட்டைவிரல் இடுக்கும் முக்கியம். விரல்களை நீட்டி வைத்துக்கொண்டே மணிக்கட்டைப் பின்னால் சாய்க்க வேண்டும். தோளில் ஒரே ஒரு எச்சரிக்கை: கையைப் பிடித்து இழுத்துப் பிள்ளையை எழுப்பாதீர்கள். தோள் மூட்டைப் பிடித்து நிறுத்துகிற தசைகள் தளர்ந்திருக்கும்போது அது நழுவிவிடும். முதுகுக்கும் பிட்டத்துக்கும் கை கொடுத்துத் தூக்குங்கள்.

ஸ்ப்ளின்ட் போடும் முறை. முதல் நாள் அரை மணி நேரம், கழற்றித் தோலைப் பாருங்கள். சிவப்பு இருபது நிமிடத்தில் மறைந்தால் சரி, மெல்ல நேரத்தைக் கூட்டலாம், பிறகு இரவு முழுக்க. மறையவில்லை என்றால் அதைச் செய்தவரிடம் எடுத்துப் போய் அந்த இடத்தைச் சூடாக்கிக் குழி எடுக்கச் சொல்லுங்கள். மேல் பட்டை, முன்னே சொன்ன எலும்பு முண்டுக்கு மேல் உட்காரக் கூடாது, அங்கே அமுங்கினால் அதே நரம்பை மறுபடி கெடுத்துவிடும். பெண் பிள்ளையென்றால் கொலுசைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன ஊர் நம்முடையது, கழற்றினால் பாட்டிகளுக்கு மனசு கேட்காது. ஆனால் உணர்வில்லாத காலில் ஸ்ப்ளின்டுக்குள் ஒரு முத்துமணி அழுந்தினால் ராத்திரியோடு ராத்திரியாகப் புண்ணாகிவிடும், பிள்ளை சொல்லவும் மாட்டாது.

5. சம்மணம் இப்போதைக்கு வேண்டாம்

ஐ.சி.யூ.விலிருந்து வந்த பிள்ளை இளைத்திருக்கும். முழங்கால் பக்கத்தில் நரம்புக்கு மெத்தையாக இருந்த கொழுப்பு கரைந்திருக்கும். அந்த நிலையில் நெடுநேரம் சம்மணம் போடுவது, குந்தி உட்காருவது, கால் மேல் கால் போடுவது, எல்லாமே அந்த நரம்பை நசுக்கும். தேறி வந்த கால் மறுபடி தொங்கும். எடை பழையபடி ஏறும்வரை ஸ்டூலில் உட்கார வைத்துச் சோறு கொடுங்கள். இந்தியன் டாய்லெட்டுக்குப் பதில் அந்தத் துளை நாற்காலி. முழங்கை நுனியை மேசை விளிம்பில் ஊன்றி டிவி பார்ப்பதையும் தடுங்கள், சுண்டு விரல் பக்க நரம்பு அங்கேதான் போகிறது.

படுக்கும்போது கால் வெளிப்பக்கம் சாயாமல் தொடைக்கு வெளியே துண்டைச் சுருட்டி வையுங்கள். முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். பிள்ளைக்குச் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் முழங்கால் மடங்கியபடியே இறுகிவிடும்.

6. மரத்துப் போன தோலுக்குக் காவல்

தினமும் இரவு ஒரு தடவை, வெளிச்சத்தில், இரண்டு பாதத்தையும் அடி, குதி, விரல் இடுக்கு எல்லாம் பாருங்கள். பின்பக்க வாலெலும்பு, காதோரம், பின்னந்தலையையும் சேர்த்து. ஐ.சி.யூ.வில் தொடங்கிய படுக்கைப் புண் அங்கே மிச்சம் இருக்கும்.

உணர்வு எதுவரை இருக்கிறது என்று பார்க்க ஊசி எல்லாம் வேண்டாம். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டு, "எங்க கண்ணு தொட்டேன்?" என்று கேளுங்கள். சில தடவை தொடாமலே கேட்க வேண்டும், பிள்ளைகள் ஊகித்துச் சொல்லிவிடுவார்கள். உணர்வு நிற்கிற இடத்தில் பேனாவால் கோடு போட்டு, கணுக்காலிலிருந்து எத்தனை விரற்கடை என்று நோட்டில் எழுதுங்கள். மாதம் ஒரு முறை போதும். கோடு கீழே இறங்குவதுதான் நல்ல சேதி.

சூடு. மலையில் இதுதான் பெரிய ஆபத்து. மார்கழிக் குளிரில் அடுப்போரம் கால் நீட்டிக் குளிர் காய்வது, வெந்நீர் பாட்டிலைப் போர்வைக்குள் வைப்பது, குளிக்க விளாவாத வெந்நீர். மரத்த கால் சுடுவதைச் சொல்லாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். தண்ணீரை உங்கள் முழங்கையால் தொட்டுப் பாருங்கள், பிள்ளையின் பாதத்தை வைத்துச் சோதிக்க வேண்டாம். குளிருக்குக் கம்பளி சாக்ஸ் போதும். வலிக்கிற இடத்தில் ஒத்தடம் கொடுக்கிற பழக்கத்தையும் இந்தக் காலுக்கு நிறுத்துங்கள்.

காபித் தோட்டத்து வழிகளில் வெறுங்காலோடு விடாதீர்கள். செருப்பும் குதிகால் வார் உள்ளதாக இருக்கட்டும். பாதம் தூக்க முடியாத பிள்ளைக்கு ஹவாய் செருப்பு ஒவ்வொரு அடிக்கும் கழன்று விழும், அது தடுக்கித்தான் விழுகிறார்கள். போடும் முன் உள்ளே கையை விட்டுத் துழாவுங்கள், கல்லோ பூச்சியோ இருக்கும்.

7. வலியும் பயமும்

எரிகிறது, எறும்பு ஊறுகிறது, போர்வை பட்டாலே வலிக்கிறது என்றால் அது நரம்பு வலி. பாராசிட்டமால் இதற்குப் பெரிதாகக் கேட்காது. காபாபென்டின் போன்ற வேறு வகை மருந்துகள் உண்டு, எடை பார்த்து மருத்துவர் கொடுப்பார். பக்கத்து வீட்டுப் பெரியவருடைய சர்க்கரை நரம்பு மாத்திரையில் பாதியைக் கொடுப்பது நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

சத்து மாத்திரை விஷயமும் இதே. நரம்புக்கு நல்லது என்று பி காம்ப்ளெக்ஸை இஷ்டத்துக்குக் கொடுக்கிறார்கள். பி 6 வைட்டமின் அளவுக்கு மீறி நாள்கணக்கில் போனால் அதுவே நரம்பைக் கெடுக்கும். பி 12 குறைவாக இருந்தால் பரிசோதித்துக் கொடுக்கலாம். குறைவில்லாதவருக்குக் கொடுத்தால் நரம்பு வேகமாக வளரப் போவதில்லை.

ராத்திரி அலறி எழுவது, வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் அழுவது, அம்மா கழிப்பறைக்குப் போனாலும் கூடவே வருவேன் என்பது, மறதி, எரிச்சல். ஐ.சி.யூ.வுக்குப் பிறகு இவை சகஜம். பெரும்பாலும் மாதங்களில் அடங்கும். அடங்கவில்லை என்றாலும், தூக்கமே கெடுகிறது என்றாலும் ரிவ்யூவில் சொல்லுங்கள். "கால் பிரச்சினைக்குத்தான் வந்தோம்" என்று இதை விட்டுவிடுகிறார்கள். பயந்த பிள்ளை பயிற்சிக்கு உடம்பைக் கொடுக்காது.

8. உட்காருவது, நிற்பது, அப்புறம் நடை

ஒரு படி கைகூடாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

முதலில் புரளுவது. பொம்மையை ஒரு பக்கம் வைத்து எட்ட விடுங்கள். அடுத்து கட்டில் ஓரத்தில் கால் தொங்காமல், பாதம் ஸ்டூலில் பதிய உட்காருவது. முதல் சில நாள் தலை சுற்றும், முகம் வெளுக்கும். நெடுநாள் படுத்த உடம்பில் எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கும். உடனே படுக்க வைத்துவிட்டு, அடுத்த முறை தலைமாட்டை உயர்த்திச் சாய்ந்து உட்காருவதில் தொடங்குங்கள். கை ஊன்றாமல் சில நிமிடம் உட்கார்ந்து, ஒரு கையை நீட்டிப் பந்தை வாங்க முடிகிறது என்றால் முதுகும் வயிறும் தயார்.

பிறகு உட்கார்ந்து எழுவது. இதைவிட நல்ல பயிற்சி தொடைக்கு இல்லை. உயரமான இடத்திலிருந்து தொடங்கி, மெல்ல மெல்லத் தாழ்வான இருக்கைக்கு வர வேண்டும். ஸ்ப்ளின்டும் ஷூவும் போட்டபடியே. முழங்கால் பின்னால் வளைந்து பூட்டிக்கொள்கிறதா என்று பக்கவாட்டிலிருந்து பாருங்கள். தொடைத் தசையில் வலு இல்லாத பிள்ளை முழங்காலைப் பின்னால் தள்ளிப் பூட்டித்தான் நிற்கும், பார்க்கிறவர்களுக்கு நன்றாக நிற்பது போலத் தோன்றும். அது மூட்டின் பின்பக்கத் தசைநாரைத் தளர்த்திவிடும். அப்படியென்றால் இன்னும் நிற்கும் நேரம் வரவில்லை.

மேசையைப் பிடித்து நின்று விளையாட முடிந்த பிறகு பக்கவாட்டு நடை, அதன் பிறகு முன் நடை, கடைசியாகப் படி. வாக்கர் வண்டியில் தொங்க விடுவது நடை கற்றுத் தராது.

எவ்வளவு செய்யலாம்? புதிதாக நரம்பு எட்டிய தசைக்குச் சின்னச் சின்ன வேலைதான் ஆகும். கொஞ்ச நேரம், ஓய்வு, மறுபடி கொஞ்ச நேரம் என்று நாளைக்கு நாலைந்து தடவை. அடுத்த நாள் காலையில் பிள்ளையைப் பாருங்கள். நேற்றைவிடத் தளர்ந்திருந்தால், தசை நோவு என்று அழுதால், பயிற்சியைப் பாதியாக்குங்கள். வைராக்கியமாக இரண்டு மணி நேரம் பழக்குகிற அப்பாக்களின் பிள்ளைகள் பின்தங்குவதைப் பார்த்திருக்கிறேன். முழங்காலிட்டுச் சுவரில் ஸ்டிக்கர் ஒட்டும் பிள்ளை, பயிற்சி என்றே தெரியாமல் இடுப்புத் தசைக்கு வேலை கொடுக்கிறது.

வாராவாரம் ஒரே நாளில் நோட்டில் மதிப்பெண் போடுங்கள். அசைவே இல்லை என்றால் 0. தசை துடிப்பது தெரிகிறது, அசையவில்லை என்றால் 1. படுக்கையோடு சறுக்கி நகர்ந்தால் 2. அந்தரத்தில் தூக்க முடிந்தால் 3. உங்கள் விரல் அமுக்கத்தைக் கொஞ்சம் எதிர்த்தால் 4. முழு பலம் 5. கணுக்கால், முழங்கால், இடுப்பு, மணிக்கட்டு, முழங்கை, தோள், இரண்டு பக்கமும். தினமும் பார்த்தால் மாற்றமே இல்லாதது போல இருக்கும், மனசு விட்டுப் போகும். 2-லிருந்து 3 ஆவது பெரிய தாண்டல். அங்கே ஒரு மாதம் நின்றாலும் கவலைப்பட வேண்டாம்.

9. "எப்ப சார் சரியாகும்?"

நரம்பின் மேலுறை மட்டும் அடிபட்டிருந்தால் சில வாரம் முதல் மூன்று மாதத்துக்குள் திரும்பும். உள்ளே இருக்கும் இழையே அறுந்திருந்தால் அது புதிதாக வளர்ந்து வர வேண்டும். வேகம் தோராயமாக நாளைக்கு 1 மில்லி மீட்டர். முழங்கால் முண்டிலிருந்து பாதத்து விரல் தசைவரை 20 சென்டி மீட்டர் என்று வைத்தால் 200 நாள். பல்லி வால் வளர்கிற மாதிரி தினமும் பார்த்துக்கொண்டிருந்தால் தெரியாது. உடம்புக்கு அருகில் இருக்கும் தசை முதலில் திரும்பும், விரல் நுனி கடைசியில். கால் விரல் அசையவில்லையே என்று அழுகிற வீட்டில், இடுப்பு ஏற்கெனவே 4-க்கு வந்திருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

மூன்று மாதமாகியும் ஏதாவது ஒரு தசையின் மதிப்பெண் 0-விலேயே நின்றால் நரம்புக் கடத்தல் பரிசோதனையைத் திரும்பச் செய்யலாமா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். ஒற்றை நரம்பு அமுங்கிய பிள்ளைக்கு இது இன்னும் முக்கியம், அறுவை சிகிச்சை தேவையென்றால் அதற்கு ஒரு காலக்கெடு உண்டு.

"கரண்ட் வைக்க வேண்டாமா?" என்று கேட்காத வீடே இல்லை. மின்தூண்டல் நரம்பை வளர வைக்காது. மரத்த தோலில் அதிகமாக வைத்தால் சுட்டுவிடும். பிசியோ சொல்லித் தேவையான தசைக்கு வைப்பது வேறு, வீட்டில் மிஷின் வாங்கி வைப்பது வேறு. எண்ணெய் தடவி நீவுவதில் தப்பில்லை, பிள்ளைக்கும் பிடிக்கும், மேலோட்டமாக இருக்க வேண்டும். சுளுக்கு எடுக்கிறேன், நரம்பு பிசகியிருக்கிறது என்று முறுக்கி இழுப்பவரிடம் மட்டும் கொண்டு போகாதீர்கள்.

10. சாப்பாடு

தசையைத் திரும்பக் கட்ட புரதம் வேண்டும். முட்டை, பருப்பு, நிலக்கடலை, பால், மீன், கோழி எது வீட்டில் ஒத்து வருமோ அது. ஜவ்வரிசிக் கஞ்சி விழுங்கச் சுலபம் என்று மூன்று வேளையும் அதையே கொடுக்கிறார்கள். நம் ஊர்ப் பொருள்தான், ஆனால் அது வெறும் மாவுச்சத்து. கொடுப்பதென்றால் பாலும் பருப்பும் சேர்த்துக் கொடுங்கள். வாரம் ஒரு முறை எடை பாருங்கள், ஒரே தராசில்.

விழுங்கும் தசையும் தளர்ந்திருக்கலாம். நேராக உட்கார வைத்து, தாடையைச் சற்றுக் கீழே தாழ்த்தி, சின்னக் கரண்டியில். தண்ணீர்தான் முதலில் புரையேறும், கெட்டியான கூழ் அவ்வளவு ஏறாது; புரையேறினால் 2-ம் பகுதியில் சொன்னபடி செய்யுங்கள். சாப்பிட்ட பிறகு குரல் கரகரவென்று ஈரமாகக் கேட்டால் மூச்சுக்குழாய்க்குள் போகிறது என்று அர்த்தம், வாய் வழி உணவை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள்.

11. மலையிலிருந்து ரிவ்யூவுக்கு வருவது

ஏற்காட்டுப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. வயிறு நிறையக் கொடுத்துவிட்டு உடனே ஏற்றினால் வாந்தி, இருமும் பலமில்லாத பிள்ளைக்கு அது நுரையீரலுக்குள் போகும். சாப்பாட்டுக்கும் கிளம்புவதற்கும் நடுவில் இடைவெளி விடுங்கள். வளைவில் பிள்ளையின் முழங்கால் கதவிலோ இருக்கைக் கம்பியிலோ இடிக்காமல் வெளிப்பக்கம் தலையணை. கால் தொங்கவும் கூடாது.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால், குழந்தைகள் பிரிவு, பிசியோ, ஸ்ப்ளின்ட் சரிபார்ப்பு மூன்றையும் ஒரே நாளில் முடித்துக்கொள்ளும்படி முன்னமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 18 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையம் உண்டு, அதைக் கேளுங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்வதும் அடக்கம். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். வருகிறவரிடம் நோட்டைக் காட்டுங்கள், முதலிலிருந்து சொல்லும் வேலை மிச்சம்.

பலவீனம் மாதக்கணக்கில் நீடித்தால் மாற்றுத்திறனாளி சான்றிதழ் தற்காலிகமாகவும் தருவார்கள். "தேறிடுவான், எதுக்கு அந்த முத்திரை" என்று பலர் தவிர்க்கிறார்கள். தேறினால் அது காலாவதியாகிவிடும், அவ்வளவுதான். இடையில் உதவிகள் கிடைக்குமே.

ஒரு தனித் தாளில் பெரிய எழுத்தில் மூன்று வரி எழுதி ஃபைலின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். ஒன்று, இடுப்பில் ஊசி வேண்டாம், தொடையில் போடவும்; இளைத்த பிள்ளைக்கு இடுப்பு நரம்பு ஊசிக்கு எட்டும் ஆழத்தில் இருக்கிறது. இரண்டு, நரம்பு தசை பாதிப்பு இருந்தது, மயக்க மருந்து நிபுணருக்குச் சொல்லவும். சக்சினைல்கோலின் என்ற மருந்து இப்படிப்பட்ட உடம்பில் பொட்டாசியத்தை ஏற்றி இதயத்தை நிறுத்தலாம். மூன்று, இம்யூனோகுளோபுலின் (நோய் எதிர்ப்புப் புரத மருந்து) கொடுத்திருந்தால் கொடுத்த தேதி; தட்டம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளைச் சில மாதம் தள்ளிப் போட வேண்டியிருக்கும்.

12. பள்ளிக்கூடம்

முழுக்கத் தேறட்டும் என்று ஒரு வருடத்தை வீணாக்க வேண்டாம். உட்கார்ந்திருக்க முடிந்தால் அரை நாளில் தொடங்கலாம். அதற்கு முன் நீங்கள் ஒரு முறை தனியாகப் போய்ப் பாருங்கள். வகுப்பு மாடியில் இருந்தால் கீழே மாற்றித் தர முடியுமா, கழிப்பறைக்குக் கைப்பிடி உண்டா, பெஞ்சில் பாதம் தரைக்கு எட்டுமா. எட்டவில்லையென்றால் ஒரு பலகை. அரசுப் பள்ளியென்றால் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், தலைமை ஆசிரியர் வழியாகக் கேளுங்கள்; போக முடியாத பிள்ளைக்கு வீட்டுவழிக் கல்வியும் உண்டு.

ஆசிரியரிடம் சொல்ல வேண்டியது: எழுத்து மெதுவாக வரும், கை சீக்கிரம் சோரும், தேர்வில் கூடுதல் நேரம் வேண்டும். பென்சிலைத் தடிப்பாக்க ரப்பர் குழாய் சுற்றிக் கொடுங்கள். தரையில் சம்மணமிட்டு இறைவணக்கத்துக்கு உட்கார வைக்க வேண்டாம் என்பதையும் காரணத்தோடு சொல்லுங்கள், இல்லையென்றால் மறந்துவிடுவார்கள். பை இரண்டு தோளிலும் மாட்டுகிற மாதிரி, புத்தகம் அன்றைக்கு வேண்டியது மட்டும். விளையாட்டு நேரத்தில் ஓரமாக உட்கார வைக்காமல், ஸ்கோர் எழுதவோ விசில் ஊதவோ விடச் சொல்லுங்கள். விசில் ஊதுவது மூச்சுத் தசைக்கும் பயிற்சி. ஸ்ப்ளின்ட் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளவு மாறும், விரல் நுனி விளிம்பைத் தாண்டினால் புதிது செய்ய வேண்டும்.